எபிஸ்கோபல் சர்ச்ல சேர்ந்துட்டோம், ஆனா இன்னும் ஒட்டல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பாளைமகள் (அக்டோபர் 20)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஜூன் மாசம் இவங்க வேலை விஷயமா பென்சில்வேனியால ஒரு சின்ன ஊருக்கு வந்தோம், பக்கத்துல தமிழ் சபைன்னு பாத்தா கார்ல ஒன்றரை மணி நேரம், ரெண்டு சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு வாராவாரம் முடியாது. ஊர்ல எங்க ஐயரவாள்ட்ட கேட்டப்ப பக்கத்துல எபிஸ்கோபல் சர்ச் இருந்தா போங்க, அது ஆங்கிலிக்கன் சபையோட அமெரிக்கக் கிளை, நம்ம சொந்தக்காரங்க சபைதான்னு சொன்னாங்க. போனோம். உண்மையிலயே முதல் நாளே ஆச்சரியமா இருந்துச்சு, ஆராதனை முறை அப்படியே நம்ம கோயில் மாதிரி, பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து எல்லாம் அதே வரிசை, நான் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

ஆனா நாலு மாசமாகியும் விருந்தாளி மாதிரியே இருக்கு. ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் கீழ ஹாலுக்கு காபி குடிக்கப் போவாங்க, நாங்க வாசல்ல ஆயரம்மாவுக்கு (இங்க ஆயரே ஒரு பொம்பளைதான்) கை குடுத்துட்டு நேரா காருக்குப் போயிடுவோம். யாரும் வாங்கன்னு கூப்பிடல, வராதீங்கன்னும் சொல்லல. எல்லாரும் நல்லா சிரிக்கிறாங்க, அதோட சரி. மொத்தமே 60 பேர் இருந்தா அதிகம், பாதிப் பேர் எங்க அம்மா வயசு.

இந்த மாசம் ஆரம்பத்துல நாய், பூனை எல்லாம் கோயில் வாசலுக்குக் கூட்டிட்டு வந்து ஆசீர்வாதம் வாங்கினாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா சின்னவன் அன்னைலருந்து கோயிலுக்குப் போலாமான்னு அவனாவே கேக்கான்.

போன ஞாயிறு மூணு பேப்பர் குடுத்தாங்க, அதான் இங்க கேக்கேன். ஒண்ணு, ஆல் செயிண்ட்ஸ் (சகல பரிசுத்தவான்கள்) ஞாயிறுக்கு இறந்தவங்க பேர் எழுதித் தரணுமாம். ஆகஸ்ட்ல எங்க அப்பா தவறிட்டாங்க. விசா சிக்கல்ல அடக்கத்துக்குப் போக முடியல, வீடியோலதான் பாத்தேன். அப்பா இந்த ஊரையே பாக்காதவங்க, அவங்க பேர இங்க எழுதலாமா, இல்ல அந்த சபைக்காரங்களுக்கு மட்டுமா? ரெண்டாவது ஒரு கார்டு, வருஷத்துக்கு எவ்வளவு காணிக்கை குடுப்பீங்கன்னு எழுதணும். மூணாவது காபி அவர் யார் நடத்துறதுன்னு பேர் எழுதுற லிஸ்ட்.

இன்னொண்ணு, அந்த ஆயரம்மா அவங்கள பேர் சொல்லியே கூப்பிடச் சொல்றாங்க, எனக்கு சத்தியமா வாய் வரமாட்டேங்கு. பெரியவங்க யாராவது சொல்லுங்க. கிறிஸ்மஸ் எப்படி இருக்கும்னும் சொல்லுங்க, பிள்ளைங்க இப்பவே கேரல் ரவுண்ட்ஸ் எப்பன்னு கேக்குதுங்க.

---

ஹூஸ்டன் அண்ணாச்சி

தங்கச்சி, முதல்ல அப்பாவுக்காக ரொம்ப வருத்தப்படுறேன்மா. அடக்கத்துக்குப் போக முடியாத வேதனை எனக்கும் தெரியும், எங்க அம்மாவுக்கு நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

அப்பா பேர கண்டிப்பா எழுதுங்க. அந்த லிஸ்ட் சபைக்காரங்களுக்கு மட்டும் இல்ல, நீங்க யார நினைச்சு ஜெபிக்கிறீங்களோ அவங்க பேர். ஒவ்வொரு பேரா வாசிப்பாங்க, சில கோயில்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு மணி அடிப்பாங்க. ஆல் செயிண்ட்ஸ் நவம்பர் 1, அதுக்கு அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை அனுசரிப்பாங்க, இந்த வருஷம் அது சரியா நவம்பர் 2, நம்ம ஊர்ல கல்லறைத் திருநாள் அன்னைக்கே வருது பாருங்க. ஊர்ல உங்க வீட்ல கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு போற அதே தேதில இங்க பேர் வாசிப்பாங்க. அன்னைக்குத்தான் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கணும், நேரம் பாத்துப் போங்க.

அந்தக் காணிக்கை கார்டப் பாத்து பயப்படாதீங்க, நம்ம ஊர் சங்க காணிக்கை மாதிரிதான் அது. ப்ளெட்ஜ்னு சொல்வாங்க. இங்க டயோசிஸ்ல இருந்து சம்பளம் வராது, ஆயர் சம்பளம், கரண்ட் பில், கூரை ஒழுகினா ரிப்பேர் எல்லாம் அந்த 60 பேர் குடுக்கிறதுலதான். வெஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கும், நம்ம சேகரக் கமிட்டின்னு வச்சுக்கோங்க, அவங்க அடுத்த வருஷ பட்ஜெட் போடத்தான் இப்ப அக்டோபர் நவம்பர்ல இந்த கார்டு குடுக்கிறது. பெரிய வித்தியாசம் என்னன்னா இங்க ஆயர டிரான்ஸ்பர் போட்டு அனுப்ப மாட்டாங்க, வெஸ்ட்ரியே தேடி, பேசி, பிஷப் சம்மதத்தோட கூப்பிடுறாங்க. நான் ரெண்டு தடவ வெஸ்ட்ரில இருந்திருக்கேன், சொல்றேன், சின்னத் தொகைன்னாலும் எழுதிக் குடுங்க, தொகைய விட இந்தக் குடும்பம் நம்மகூட நிக்கிதுங்கிறதுதான் அவங்களுக்குப் பெருசு. ஜனவரில வருடாந்திரக் கூட்டம் நடக்கும், அதுக்கும் போங்க.

ஆயரம்மாவ எப்படிக் கூப்பிடறதுன்னு கேட்டீங்க. இந்த சபைல பெண்கள் குருத்துவத்த 1976லயே பொதுச் சபை ஏத்துக்கிட்டாச்சு, அதனால அவங்களுக்கு இது பழகின விஷயம். நிறைய இடத்துல "மதர்"னு சொல்லி பேர் சேத்துக் கூப்பிடுறாங்க, அப்படியே கூப்பிடுங்க, மரியாதையும் இருக்கும் அவங்களுக்கும் சங்கடம் இருக்காது. நான் இன்னைக்கு வரைக்கும் எங்க ஆயர வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல.

உங்க ஐயரவாள் சொன்னது சரிதான். 1947 செப்டம்பர் 27 மெட்ராஸ் செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ. உருவானப்ப அதுல சேர்ந்த சபைகள்ல ஆங்கிலிக்கன் சபையும் ஒண்ணு, திருநெல்வேலிக்காரங்க நம்ம எல்லாம் அந்த வழிதான். அதனாலதான் அங்க ஜெபப் புத்தகத்துல திருவிருந்து ஆராதனை ஆரம்பிக்கிற பக்கம் 355 திறந்ததும் உங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. மறுபடி ஞானஸ்நானம் எதுவும் தேவையில்ல, ஊர்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தா மெம்பர் ரிஜிஸ்டர்ல சேத்துக்குவாங்க. பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் ஆகிருந்தா திடப்படுத்தலுக்குக் காத்திருக்காம திருவிருந்தும் குடுப்பாங்க, அத மட்டும் நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். காருக்குப் போகாதீங்க! இந்த ஊர்ல ஆராதனை பாதி, காபி அவர் பாதி. நம்ம ஊர்ல கோயில் முடிஞ்சு வாசல்ல வேப்பமரத்தடில நின்னு ஒரு மணி நேரம் பேசுவோம்ல, அதத்தான் இவங்க கீழ ஹால்ல உக்காந்து பண்றாங்க. வெத்தல பாக்கு வச்சு யாரும் கூப்பிட மாட்டாங்க, ஏன்னா வந்தவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நினைக்கிற ஜனம், நாம கூப்பிடலயேன்னு நிக்க, இப்படியே வருஷம் போயிரும். நான் முதல்ல இருந்த ஊர்ல ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு. அப்புறம் ஒரு நாள் ஹால்ல நாற்காலி மடிச்சு வைக்க ஆள் இல்லாம ஒரு பெரியவர் தனியா கஷ்டப்பட்டாரு, நான் போய் கூட மடிச்சேன், அன்னையிலருந்துதான் என் பேர் அவங்களுக்குத் தெரியும். ஒரு வேலைய எடுத்துக்கோங்க. இவங்க வேலைலதான் ஒட்டுவாங்க.

---

லில்லி_கனெக்டிகட்

அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாங்க, நான் கிறிஸ்மஸ் பத்தி சொல்றேன்க்கா, ஏன்னா அதுலதான் நான் முதல் வருஷம் ரொம்ப அழுதேன்.

டிசம்பர் 1 ஆனா நம்ம ஊர்ல ஸ்டார் கட்டி, கேரல் பார்ட்டி ட்ரம் அடிச்சுக்கிட்டு வீடு வீடா வந்து, தாத்தா டான்ஸ் ஆடி, ஒரே கலகலன்னு இருக்கும்ல? இங்க கோயில்ல டிசம்பர் 24 வர்ற வரைக்கும் கிறிஸ்மஸ் பாட்டே பாட மாட்டாங்க. கடைல எல்லாம் பாட்டு ஓடும், கோயில் மட்டும் அமைதியா இருக்கும். இந்த வருஷம் நவம்பர் 30 அட்வென்ட் ஆரம்பிக்குது, ஊதா இல்ல நீல கலர் துணி போடுவாங்க, வட்டமா பச்சை இலை கட்டி நாலு மெழுகுவர்த்தி வச்சு வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவாங்க, மூணாவது வாரம் நிறைய இடத்துல ரோஸ் கலர் மெழுகுவர்த்தி. காத்திருக்கிற காலம்கிறத அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாங்க. முதல்ல எனக்கு இது என்ன கிறிஸ்மஸ்னு இருந்துச்சு. இப்போ எனக்கு வருஷத்துலயே பிடிச்ச நாலு வாரம் அதுதான்.

எங்க கோயில்ல குடில் வைப்பாங்க ஆனா தொட்டில் காலியா இருக்கும், 24 ராத்திரிதான் பாலன வைப்பாங்க. மூணு சாஸ்திரிகள் பொம்மையும் ஒட்டகமும் குடில்ல இருக்காது, பின்னாடி கதவுப் பக்கம் ஜன்னல் திண்டுல இருக்கும், ஞாயிறு ஞாயிறு பிள்ளைங்க ஒரு ஜன்னல் தள்ளித் தள்ளி வச்சு ஜனவரி 6 அன்னைக்குத்தான் குடிலுக்கு வந்து சேரும். என் பொண்ணு நாலு வயசுல அந்த ஒட்டகத்த ரெண்டு கையால அணைச்சுத் தூக்கிட்டுப் போனது இன்னும் கண்ணுல நிக்கிது. உங்க கோயில்ல அந்த வழக்கம் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா நீங்களே ஆரம்பிங்க, சந்தோஷமா ஒத்துக்குவாங்க.

நாலாவது ஞாயிறு ஆராதனை முடிஞ்சு எல்லாரும் சேர்ந்து கோயில அலங்காரம் பண்ணுவாங்க, அதுக்கு கண்டிப்பா நில்லுங்க. இங்க பெரிய ஆராதனை 24ஆம் தேதிதான், சாயந்திரம் பிள்ளைங்க நாடகத்தோட ஒண்ணு, ராத்திரி லேட்டா ஒண்ணு. 25 காலைல போனா பத்து பேர் இருப்பாங்க. விடியக்காலம் 4 மணிக்கு தலைக்குக் குளிச்சு புதுத்துணி போட்டுப் போற பழக்கத்துல நான் 25 காலைல பட்டுச்சேலையோட போய் நின்னு மனசே ஒடிஞ்சு போச்சு. நீங்க 24 சாயந்திரமே பட்டு உடுத்திக்கோங்க. நாடகத்துக்கு பிள்ளைங்க பேர இப்பவே குடுத்துருங்க, ஆடு வேஷம்தான் எல்லா சின்னதுங்களுக்கும் முதல்ல கிடைக்கும்.

31 ராத்திரி ஆராதனை பெரும்பாலும் கிடையாதுக்கா. வாக்குத்தத்த வசனம் எடுக்கிறதும் கிடையாது. இது எனக்கு இன்னும் ஆறல. நாங்க என்ன பண்றோம்னா இந்தியால 12 மணி அடிக்கும்போது இங்க 31 மதியம் 1:30, ஊர்க் கோயில் ஆராதனைய யூடியூப்ல போட்டு டிவி முன்னாடி முழங்கால் போடுவோம், வசனம் எழுதின கார்டு எங்க மாமியார் முன்கூட்டியே தபால்ல அனுப்பிடுவாங்க.

வேலை எடுத்துக்கோங்கன்னு அண்ணாச்சி சொன்னதுக்கு நான் ஒண்ணு சொல்றேன், ஆல்டர் கில்டுல சேருங்க. சனிக்கிழமை காலைல நாலஞ்சு பொம்பளைங்க சேர்ந்து பலிபீடம் தயார் பண்றது, பூ வைக்கிறது, வெள்ளித் தட்டு பாலிஷ் பண்றது, துணி துவைச்சு அயர்ன் பண்றது. எனக்கு கத்துக்குடுத்தவங்களுக்கு 83 வயசு. கிண்ணம் துடைக்கிற துணிய முதல் தண்ணில அலசி அந்தத் தண்ணிய சாதாரண சிங்க்ல ஊத்தக்கூடாது, தனியா ஒரு தொட்டி இருக்கு, அதோட குழாய் சாக்கடைக்குப் போகாம நேரா மண்ணுக்குள்ள போகும். லிப்ஸ்டிக் கறைய ஈரத்தோடயே எடுத்துறணும். துணி கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே அயர்ன் பண்ணி, கிண்ணத்துக்கு அடில விரிக்கிறத இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணுன்னு மடிச்சா விரிக்கும்போது ஒன்பது கட்டம் தெரியும், எங்க ஊர் குருவம்மாவும் இப்படித்தான் மடிப்பாங்க, அத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். அந்த மேசைல நின்னு மடிக்கும்போது அந்தப் பாட்டி அவங்க வீட்டுக்காரர் இறந்த கதை சொன்னாங்க, நான் எங்க அம்மா கதை சொன்னேன். காபி அவர்ல நாலு வருஷம் பேசினாலும் அது வந்திருக்காது.

அப்பா பேர எழுதும்போது கீழ இங்கிலீஷ்ல பிரிச்சுப் பிரிச்சு உச்சரிப்பு எழுதிக் குடுங்க. முடிஞ்சா வாசிக்கிறவங்ககிட்ட நேர்ல ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. ஆசையா கத்துக்குவாங்க.

---

சாமுவேல்_நியூஜெர்சி

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்றரை மணி நேரம்னாலும் மாசத்துக்கு ஒரு தடவ தமிழ் சபைக்குப் போங்க. பிள்ளைங்களுக்கு கீர்த்தனை, பாமாலை எதுவும் தெரியாம வளந்துரும், அப்புறம் ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டி பக்கத்துல உக்காந்து ஒரு வரி பாட முடியாது. என் பசங்க விஷயத்துல நான் விட்டுட்டேன், இப்ப ரெண்டு பேரும் காலேஜ் முடிச்சாச்சு, தமிழ்ல கர்த்தருடைய ஜெபம் கூட முழுசா வராது. எபிஸ்கோபல் நல்ல சபைதான், நான் குறை சொல்லல, ஆனா பாஷைய அவங்க காப்பாத்திக் குடுக்க மாட்டாங்க.

---

ஹூஸ்டன் அண்ணாச்சி

தம்பி சொல்றது நியாயம். ரெண்டும் பண்ணலாம். நாங்க அறுப்பின் பண்டிகைக்கும் லெந்து காலத்துல (தவக்காலம்) ஒரு வெள்ளிக்கிழமைக்கும் தமிழ் சபைக்குப் போயிடுவோம். வீட்ல ராத்திரி ஜெபம் தமிழ்லதான், அத மட்டும் விட்டுறக்கூடாது.

---

யாழ்_ஸ்காபரோ

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில, இஞ்ச ஆங்கிலிக்கன் சபை, உங்கட எபிஸ்கோபலும் எங்கடயும் ஒரே குடும்பம், வழக்கங்களும் கிட்டத்தட்ட ஒண்டுதான். எல்லாரும் கிறிஸ்மஸ் பற்றிச் சொல்லிப்போட்டினம், நான் உயிர்ப்புக் காலம் பற்றிச் சொல்லுறன்.

வாற வருசம் சாம்பல் புதன் பெப்ரவரி 18. அதுக்கு முதல்நாள் செவ்வாய் பின்னேரம் ஹோலில பான்கேக் சுடுவினம், லெந்துக்கு முந்தி வீட்டில இருக்கிற முட்டை, பால், பட்டர் எல்லாத்தையும் முடிக்கிற பழைய வழக்கம், அநேகமா ஆம்பிளையள்தான் அடுப்படியில நிப்பினம். உங்கட அவரை அதுக்கு அனுப்புங்கோ, ஆம்பிளையளுக்கு சிநேகிதம் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. போன வருசத்துக் குருத்தோலையளை எரிச்சு அந்தச் சாம்பலைத்தான் அடுத்தநாள் நெத்தியில பூசுறது, அதால வீட்டில குருத்தோலை சிலுவை இருந்தா எறியாமக் கொண்டுபோய்க் குடுங்கோ.

லெந்தில அல்லேலூயா எண்டு ஒருக்காலும் சொல்ல மாட்டினம், பாட்டிலயும் வராது. சில இடங்களில பிள்ளையள் அந்தச் சொல்லைப் பெரிய கடதாசியில எழுதி ஒரு பெட்டியில வைச்சுப் பூட்டுவினம், உயிர்ப்பு ஞாயிறிலதான் வெளியில வரும்.

பெரிய வியாழன் இரவை விட்டுடாதேங்கோ. கால் கழுவி முடிஞ்சாப் பிறகு பலிபீடத்தில இருக்கிற துணி, மெழுகுதிரி, சிலுவை எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்துக்கொண்டு போவினம், விளக்கு ஒவ்வொண்டா அணையும், கடைசியில வெறும் மரமேசைதான் மிஞ்சும், ஒருத்தரும் கதைக்காமல் வீட்டுக்குப் போவினம். ஆர்மி பிடிக்குமெண்டு எங்கட ஊர்க் கோயிலை நாங்கள் ஒரு இரவில வெறுமையாக்கிப் போட்டு வந்தனாங்கள். அந்த மேசையைப் பாக்கேக்க எனக்கு ஒவ்வொரு வருசமும் அந்த இரவுதான். இரண்டு நாள் கழிச்சு சனி இரவு வெளியில நெருப்பு மூட்டி, அதில பெரிய மெழுகுதிரி கொளுத்தி இருட்டுக் கோயிலுக்குள்ள கொண்டு வருவினம், அதில இருந்து எல்லாற்ற கையிலயும் வெளிச்சம் பரவும். பிள்ளையளுக்கு நித்திரை வந்தாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போங்கோ.

உயிர்ப்புக்கு லில்லிப்பூச் சட்டி வாங்கிக் குடுத்தால் ஆற்ற நினைவா எண்டு பேர் அச்சடிச்சுப் போடுவினம். அதையும் உங்கட அப்பாவுக்குச் செய்யலாம்.

---

பாளைமகள் (நவம்பர் 3)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதணும், நேரம் கிடைக்கல, நடந்தத மட்டும் சொல்லிடுறேன்.

லில்லிக்கா சொன்ன மாதிரி அப்பா பேர பிரிச்சு எழுதிக் குடுத்தேன். அப்பா பேர் ஞா-ல ஆரம்பிக்கும், அதான் பயமா இருந்துச்சு. பேர் வாசிக்கிறவங்க ஒரு ரிட்டயர்ட் டீச்சர், அவங்களே புதன்கிழமை போன் பண்ணி, சொல்லிக் காட்டுமான்னு கேட்டாங்க, நான் சொல்லச் சொல்ல அவங்க திருப்பித் திருப்பிச் சொன்னாங்க, ஒரு பத்து தடவ இருக்கும். உங்க அப்பா என்ன வேலை பாத்தாங்கன்னு கேட்டாங்க, அவங்களும் வாத்தியார்தான்னு சொன்னேன், அப்புறம் அரை மணி நேரம் பேசினோம்.

நேத்து காலைல ஊர்ல அம்மாவும் தம்பியும் கல்லறைக்குப் போயிட்டு வந்த போட்டோ அனுப்பியிருந்தாங்க, செவ்வந்திப்பூ மாலையும் மெழுகுவர்த்தியுமா. அதப் பாத்துட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினோம். பேர் எல்லாம் வரிசையா வந்துச்சு, எல்லாம் இங்கிலீஷ் பேர், ஒவ்வொண்ணுக்கும் மணி. அப்பா பேர் வந்தப்ப அவங்க ஒரு நொடி நிறுத்தி மூச்சு எடுத்துட்டு முழுசா சொன்னாங்க, அந்த ஞா அப்படியே வந்துச்சு. மணி அடிச்சுச்சு. இவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆகஸ்ட்லருந்து நான் சரியா அழவே இல்ல, நேத்துதான் அழுதேன், முன் பெஞ்சுல இருந்த பாட்டி திரும்பிப் பாக்காமலே கைய மட்டும் பின்னால நீட்டி டிஷ்யூ குடுத்தாங்க.

காருக்குப் போகல. கீழ ஹாலுக்குப் போனோம். மூணு பேர் வந்து அப்பாவப் பத்திக் கேட்டாங்க. பெரியவன் நாடகத்துல ஆடா இருக்கேன்னு பேர் குடுத்துட்டான், சின்னவனும் ஆடுதான் வேணும்னு நிக்கான். சாமுவேல் அண்ணன் சொன்னதும் மனசுல இருக்கு, டிசம்பர்ல ஒரு ஞாயிறு தமிழ் சபைக்குப் போகலாம்னு இருக்கோம், பிள்ளைங்களுக்கு கேரல் வேணும்ல.

காபி அவர் லிஸ்ட்ல நவம்பர் 16 பேர் எழுதிட்டேன். சுண்டலும் உளுந்த வடையும் பண்ணலாம்னு இருக்கேன். 60 பேருக்கு கொண்டக்கடலை எவ்வளவு ஊறப் போடணும்? அவங்க ரொம்ப சாப்பிட மாட்டாங்கல்ல?

---

லில்லி_கனெக்டிகட்

அக்கா படிச்சிட்டு எனக்கும் கண்ணு நிறைஞ்சிருச்சு. ரெண்டு கிலோ ஊறப் போடுங்க, போதும், மத்தவங்களும் கேக் அது இதுன்னு கொண்டு வருவாங்க. காரம் பாதியாக்கிடுங்க, பச்சை மிளகாய நறுக்காம முழுசா போட்டு எடுத்துருங்க. ஒவ்வொரு தட்டு முன்னாடியும் சின்ன கார்டுல என்னென்ன போட்டிருக்குன்னு எழுதி வைங்க, அலர்ஜி உள்ளவங்க பாப்பாங்க. வடைய வீட்ல சுட்டு எடுத்துட்டுப் போய் அங்க அவன்ல சூடு பண்ணிக்கோங்க.

---

பாளைமகள்

தேங்காய் துருவிப் போடலாமாக்கா?

---

லில்லி_கனெக்டிகட்

தாராளமா போடுங்க, கார்டுல தேங்காய்னு பெருசா எழுதிருங்க. கொஞ்சம் தேங்காய் போடாம தனியா ஒரு பாத்திரத்துல எடுத்து வச்சுக்கோங்க.